நோட்டீஸில் நொண்டிய யானை

மதார் சாகிப்புக்கு முகம் மனசில் நிற்காது, கால் நிற்கும். செங்கம் ரோட்டு வேப்பமரத்தடியில் இருபத்தாறு வருஷமாக மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடித்த மனுஷன். யார் எதிரில் வந்து நின்றாலும் பார்வை முதலில் கீழேதான் போகும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த சொந்தத் தம்பி புது பூட்ஸ் போட்டிருந்த ஒரே காரணத்தால், "எந்த ஊர் மாடுங்க?" என்று அவனைக் கேட்டவர். தாலுகா ஆபீஸ் டபேதார் வந்தால் வணக்கத்துக்கு முன்னால், "வலது குதிகால்ல எதுனா குத்திச்சா?" என்பார். நிச்சயம் குத்தியிருக்கும். அதுதான் எரிச்சல். பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

அவருடைய அப்பா ஆரணியில் ஜட்கா ஓட்டியவர். பத்து வயதில் அப்பாவின் குதிரையை முகத்துக்கு நேராகக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது அது திரும்பி ஓர் உதை விட்டது. முன்பல் இரண்டு போயின. முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, காலைக் கவனிக்க வேண்டும் என்ற ஞானம் அன்றைக்கு வந்ததுதான். அதை வைத்தே தொழில் கற்றார், திருவண்ணாமலைக்கு வந்தார், குடும்பம் நடத்தினார். தீபத்து மாட்டுச் சந்தையில் பத்து நாளும் சாப்பிட நேரமில்லாமல் வேலை செய்வார். வந்த மாட்டின் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் தெரியாது. மாட்டின் நாலு குளம்பும் ஒவ்வொன்றாக ஞாபகம் இருக்கும்.

பெண் பார்க்கப் போனபோதும் இதே கதைதான். முன்னி பேகம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள். வெளியே வந்ததும் அவருடைய அம்மா, "பொண்ணு எப்படிடா?" என்று கேட்க, "நடை ரொம்ப சுத்தம்மா" என்றார் மாப்பிள்ளை. இதைக் கேட்டு முன்னி பேகம் ஒரு வாரம் சந்தோஷப்பட்டாள். அப்புறம்தான் அவருடைய தொழிலைச் சொன்னார்கள்.

கல்யாணமான முதல் வாரத்தில், "அடுத்த வருஷம் உன்ன எங்கனா டூர் கூட்டிப் போறேன்" என்று மதார் சாகிப் வாக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் இருபத்து நாலு தடவை வந்துவிட்டுப் போயிற்று. முன்னி பேகம் பார்த்த அதிகபட்ச தூரம் வேலூர். அங்கே நாத்தனார் ஜாஹிராவின் வீடு. அந்த வீட்டு ஹாலில் ஒரு போட்டோ. மெட்ராஸ் கடற்கரையில் குதிரைமேல் கறுப்புக் கண்ணாடியுடன் உட்கார்ந்திருக்கிறாள் ஜாஹிரா. முன்னி பேகம் போகும்போதெல்லாம் அந்தப் போட்டோவுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைத்தான் போடுவார்கள். டீ வருவதற்குள் குதிரைக் கதையும் வந்துவிடும். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் குதிரை கதைக்குக் கதை வளர்ந்து, கடைசியாகச் சொன்னபோது ஏணி வைத்து ஏறியதாக ஆகியிருந்தது.

முன்னி பேகம் கோபக்காரி இல்லை. ஆனால் ஒரு மனுஷி எத்தனை டீயைத்தான் அப்படிக் குடிப்பாள்? குதிரையை விடப் பெரியது யானை. யானைமேல் ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. இன்றைக்கு யோசித்தாலும் எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் தை மாதத்தில், வாடகை சைக்கிள் கடை சக்கரவர்த்திக்குத் திடீரென்று டிராவல்ஸ் ஆரம்பிக்கும் எண்ணம் வந்தது. ஒரு வேனைப் பேசி, சடையன் என்ற டிரைவரைப் பிடித்து, மஞ்சள் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தான். 'மூன்று நாள் மைசூர் இன்பச் சுற்றுலா. யானைச் சவாரி உண்டு. போட்டோ உண்டு.' நடுவில் ஒரு யானைப் படம். முதுகில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் முன்னி பேகம். தன் பெயரையும் புருஷன் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து, நோட்டீஸை டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றால் ஒட்டினாள். அன்று மத்தியானச் சாப்பாட்டில் கறி கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தது.

மதார் சாகிப் சந்தோஷமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து திறந்திருந்த பெட்டியின் முன்னால் குந்தினார். எழுந்திருக்கவில்லை.

"முன்னி," என்றார். "இது நொண்டுது."

"எது?"

"யானை. இடது முன்னங்கால். தரையில முழுசா ஊனல பாரு. தலையயும் மேல தூக்கி வச்சிருக்குது. வலிக்கிற கால் பூமியில படறப்ப தலை மேல போவும். மாடு, குதிரை, எல்லாத்துக்கும் அதே கதைதான்."

"அது நோட்டீசுங்க."

"நோட்டீசா இருந்தா இன்னா? நொண்டுது."

மறுநாள் மஞ்சள் காகிதத்தோடு சக்கரவர்த்தி கடையில் போய் நின்றார். சக்கரவர்த்தி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாய், அது ஆசீர்வாதம் பண்ணுது."

"ஆசீர்வாதம் தும்பிக்கையால பண்ணும். காலால எந்த யானை பண்ணும்?"

"அச்சு சரியா வுழல பாய். மை இழுத்துடுச்சி."

மை இழுத்தால் எப்படி இருக்கும், கால் வலித்தால் எப்படி இருக்கும் என்பதை விளக்க, மதார் சாகிப் ரோட்டில் இறங்கி நொண்டிக் காட்டினார். இடது பாதம் படும்போதெல்லாம் தலையை வெடுக்கென்று மேலே தூக்கினார். இரண்டு முறை போய் இரண்டு முறை வந்தார். செங்கத்திலிருந்து வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி, பெரியவருக்கு இரும்பு எதாவது கையில் கொடுக்கச் சொன்னார். அதே பஸ்ஸிலிருந்து இறங்கினார் கீழ்பென்னாத்தூர் மணிலாக்கொட்டை வியாபாரி ராஜமாணிக்கம். அவரும் மனைவி ராஜம்மாளும் அதே டூருக்குப் பெயர் கொடுத்தவர்கள். அவரிடமும் மதார் சாகிப் முதலிலிருந்து நொண்டிக் காட்டினார்.

"ஒரு கார்டு போட்டுக் கேட்டுடேன் பாய்," என்றார் ராஜமாணிக்கம், ரோட்டிலிருந்து அவரை ஓரம் கட்டும் நோக்கத்தோடு.

மதார் சாகிப் அதை நிஜமாகவே செய்தார். பதில் எழுதுவதற்கும் சேர்த்து இரட்டையாக விற்கும் தபால் கார்டு வாங்கி, சக்கரவர்த்தியிடம் விலாசம் கேட்டு, யானையை வைத்திருக்கும் முதலாளிக்கு எழுதினார். 'தங்கள் யானையின் இடது முன்னங்கால் எப்போதிலிருந்து வலிக்கிறது? நகமா, பாதமா?' முதலாளி சேலத்துப் பக்கத்துக்காரர். பத்தாம் நாள் தமிழிலேயே பதில் வந்தது. 'எங்கள் கல்யாணி பூரண சுகம். தினம் நாற்பது சவாரி போகிறாள். ஞாயிறு என்றால் எழுபது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. குடும்பத்தோடு வரவும்.'

பாவம், அந்த முதலாளி பெருமைக்காக எழுதினார். இங்கே மதார் சாகிப் அந்தக் கார்டைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார். புது லாடம் அடித்த மாட்டை இரண்டு நாள் ஏரில் பூட்டாதே என்று விவசாயிகளிடம் சண்டை போடுகிற ஆள் அவர். பதினோரு வருஷம் என்ற வார்த்தையை அன்று முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம், "நான் வரல. யானைக்குப் பதிலா வேற எங்கனா போலாம்" என்று சக்கரவர்த்திக்குச் சொல்லியனுப்பினார்.

வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. சக்கரவர்த்தி, ராஜமாணிக்கம், டிரைவர் சடையன். ஒரு வேனை நிறுத்தி வைத்துக்கொண்டு, அது எந்தத் திசையில் போக வேண்டும் என்று நாலு பேர் யோசித்தார்கள்.

"மெட்ராஸ் பீச்சுக்குப் போலாம்," என்றான் சடையன்.

"அங்க சவாரிக் குதிரை நிக்கும். பின்னங்கால்ல லாடம் பாதி இருக்கும், பாதி இருக்காது. என் தங்கச்சி போட்டோவிலயே பாத்தேன். இன்னிக்கி வரைக்கும் அவகிட்ட சொல்லல."

"பெங்களூர்ல சர்க்கஸ் வந்திருக்குதாம்."

மதார் சாகிப் சடையனின் பாதங்களைப் பார்த்தார். சடையன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"சாத்தனூர் அணை," என்றார் ராஜமாணிக்கம். "இதோ இருக்குது. முதலைப் பண்ணை. முதலை மேல யாரும் ஏறல பாய்."

"ஏறல. கல்லால அடிச்சி எழுப்பிப் பாக்கறாங்க. போன தபா நீயே ரெண்டு கல்லு போட்ட."

ராஜமாணிக்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் பாய், வாரா வாரம் பிரியாணி துன்றியே, அந்த ஆட்டுக்கு இன்னா சொல்ற?"

"துன்றது வேற. ஆட்டு மேல ஏறிக்கினு யாரும் போட்டோ புடிக்கல."

பேச்சு இப்படி ஒழுங்கில்லாமல் போய்க்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்த வீட்டிலிருந்து முன்னி பேகம் வெளியே வந்தாள். கையில் பூண்டு உரித்த தோல் ஒட்டியிருந்தது.

"இருபத்தாறு வருஷமா காளமாட்ட கயித்தால கட்டி, கீழ தள்ளி, நாலு பேர் மேல ஒக்காந்து கால்ல ஆணி அடிக்கிறீங்க," என்றாள். "அப்ப எந்த மாட்டுக்கு கார்டு போட்டுக் கேட்டீங்க? நான் ஒரு தபா ஏறணும்னதும்தான் இரக்கம் வந்துச்சா? யானை காலு காயிதத்துல தெரியுது. என் காலப் பாருங்க. வேலூரத் தாண்டாத காலு. இது தெரியலயா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ராஜமாணிக்கம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். சக்கரவர்த்தி மரத்தைப் பார்த்தான்.

மதார் சாகிப்புக்குச் சுருக்கென்று தைத்தது. தார் ரோட்டில் வெறும் குளம்பு தேய்ந்துபோகும், லாடம் மாட்டுக்குச் செருப்பு என்று ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொன்ன பதில் அவரிடம் இருந்தது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு மயிலைக் காளையைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். ஆணியை வைத்துவிட்டு, என்றைக்கும் இல்லாத வழக்கமாக அதன் முகத்தைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. சுத்தியல் ஆணியை விட்டுவிட்டுக் கட்டைவிரலில் விழுந்தது.

வீங்கிய விரலோடு நேராக சக்கரவர்த்தியிடம் போனார். "பழைய பிளானே இருக்கட்டும். மைசூர். யானை. நானும் வரேன்." வீட்டுக்கு வந்து முன்னி பேகத்திடம், "நீ ஏறு. நான் வாயத் தொறக்க மாட்டேன். கீழ பாக்கவும் மாட்டேன்" என்றார். அவள் விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

டூர் புறப்பட்ட காலையில் ராஜமாணிக்கம் ஒரு நிபந்தனை போட்டார். மலையை ஒரு சுற்று வராமல் அவர் எந்த நல்ல காரியமும் தொடங்க மாட்டார். வேன் கிரிவலப் பாதையில் திரும்பியது. லிங்கத்துக்கு லிங்கம் நிறுத்தி, ராஜம்மாள் இறங்கி ஏறி, ஒன்றேகால் மணி நேரம் கழித்து வேன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முன்னி பேகம் தன் வீட்டு வேப்பமரத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள்.

"இன்னாங்க, டூர் முடிஞ்சிடுச்சா?"

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு யானை இருக்கும் இடத்துக்குப் போனார்கள். மைசூரைத் தாண்டி ஒரு காட்டோரம். பலகையால் கட்டிய மேடை, அதற்குப் படிக்கட்டு. மேடையை ஒட்டி யானை வந்து நிற்கும், நாலு பேர் ஏறுவார்கள், ஒரு சுற்று போய் வரும், இறங்குவார்கள். முன்னி பேகம் புது நைலக்ஸ் புடவை கட்டி, சக்கரவர்த்தியின் கறுப்புக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். வரிசையில் ராஜமாணிக்கம் முன்னால், அடுத்தது அவள், அவளுக்குப் பின்னால் பயத்தில் கண்ணை மூடியபடி ராஜம்மாள்.

மதார் சாகிப் வாக்குத் தவறவில்லை. வேனிலிருந்து இறங்கியதுமே தலையை உயர்த்தி வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்படியே நடந்ததில் முதலில் இளநீர்க்காரனின் மேல் மோதினார். அடுத்து யானைச் சாணியில் கணுக்கால் வரைக்கும் இறங்கினார். அப்போதும் கீழே பார்க்கவில்லை. எதில் நிற்கிறோம் என்பது வாசனையிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பெரியவர் இவ்வளவு கவனமாக மேலே பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மேலே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருபது பேர் பார்த்தார்கள். "தெரியுதா?" என்று ஒருவன் கேட்டான். "லேசா தெரியுது" என்றான் இன்னொருவன்.

மேடைமேல் யானையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் முன்னி பேகம்.

முதல் சுற்றில் அவள் அதன் முதுகைத்தான் பார்த்தாள். எங்கே உட்காருவது, எந்தப் பக்கம் திரும்பினால் போட்டோவில் முகம் விழும் என்று. இரண்டாம் சுற்றில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாம் சுற்றில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். யானை வந்து நின்றது. ராஜமாணிக்கம் ஏறி வசதியாக உட்கார்ந்தார். "வாங்கம்மா, அடுத்தது" என்றான் பாகன்.

அவள் படிக்கட்டில் இறங்கினாள். நேராகப் புருஷனிடம் வந்து நின்றாள்.

"அந்தக் காலு படறப்பல்லாம் தலையத் தூக்குது," என்றாள்.

"எந்தக் காலு?" என்றார் மதார் சாகிப், வானத்திடம்.

"இடது முன்னங்காலு."

"நான் ஒண்ணும் சொல்லலயே முன்னி."

"நீங்க வேற சொல்லணுமா?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில், புதுப் புடவையோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். "இருபத்தி நாலு வருஷமா எந்த மாடு நொண்டுது, ஏன் நொண்டுதுன்னு சோறு துன்றப்ப சொல்லி, தூங்கறப்ப சொல்லி, என் கண்ணயும் கெடுத்து வச்சிட்டீங்க. ஜாஹிரா மாதிரி எனக்குப் பாக்கத் தெரியலயே. முதுகப் பாத்தா காலு தெரியுது."

"அப்ப ஏற வேணாம் வுடு. மனசு வரல இல்ல?"

"மனசு வரலன்னு யாரு சொன்னது?" என்று சீறினாள் முன்னி பேகம். "ஏறணும்னுதான் இருக்குது. இப்பவும் இருக்குது. ஏறுனா அதுக்கு வலிக்கும். ரெண்டும்தான் இருக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

மதார் சாகிப்பிடம் அதற்கு மருந்து இல்லை. இரக்கம் வந்தால் ஆசை போய்விடும் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். அவருக்கு ஆசை இல்லாததால் அது சுலபமாகத் தெரிந்தது. இவள் விட்டது எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

"போய்ப் பாருங்க," என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வாக்கு வேணாம். பாத்துட்டு வாங்க."

அவர் போய் யானையின் முன்னால் குந்தி, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரலால் தட்டினார். கல்யாணி காலைத் தூக்கி அவர் எதிரில் நீட்டியது. நகத்துக்கு மேலே வெடிப்பு, அதில் ஈ மொய்த்தது. "நானும் ரெண்டு மாசமா சொல்றேன் சாமி, முதலாளி கேக்கல" என்றான் பாகன் தணிந்த குரலில். முதலாளி, வரிசை நிற்கிறது, வழியை விடு என்று கத்தினார். மதார் சாகிப் வேப்பெண்ணெய், மஞ்சள், ஒரு மாசம் ஓய்வு என்று பாகனிடம் சொல்லிக்கொண்டே போனார். ராஜம்மாள், "முன்னி அக்காவே ஏறல, எனக்கு எதுக்கு" என்று பெரிய நிம்மதியோடு படியிறங்கினாள். அவளைத் தொடர்ந்து வேனில் வந்த எல்லோரும் இறங்கிவிட்டார்கள். யானைமேல் தனியாக மாட்டிக்கொண்ட ராஜமாணிக்கம், "எனக்கும் இரக்கம் இருக்குது, எறக்கி வுடுங்கய்யா!" என்று கூவினார். மூன்று காலில் நின்ற யானையின் முதுகில் கயிற்றைப் பிடித்தபடி அவர் அப்படிக் கூவியது அந்தக் காட்டுக்கே கேட்டிருக்கும்.

இதனால் கல்யாணிக்கு லீவு கிடைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அடுத்து நின்ற கூட்டம் வேறு ஊர்க்காரர்கள். ஏறியிருப்பார்கள்.

எல்லோரும் வேனுக்குத் திரும்பினார்கள். சக்கரவர்த்தி நோட்டீஸை எடுத்துப் பார்த்தான். அடுத்து மிருகக்காட்சிச் சாலை என்று போட்டிருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

முன்னி பேகம் பின்பக்கம் ஏறவில்லை. முன்னால் வந்து, டிரைவருக்குப் பக்கத்தில் சக்கரவர்த்தியின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கண் இன்னும் சிவந்திருந்தது. மதார் சாகிப் பின்சீட்டிலிருந்து எட்டி, "முன்னி, வூட்டுக்குத் திரும்பிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வூடா? இன்னும் ஒண்ணரை நாள் இருக்குது," என்றாள் அவள், திரும்பாமல்.

சடையன் சாவியைத் திருகினான். "எந்தப் பக்கம்க்கா?"

"நான் பாக்காத பக்கம் எதுவோ அந்தப் பக்கம் வுடு," என்றாள் முன்னி பேகம். "வழியில யானை, குதிரை எதையாவது சவாரிக்கு நிறுத்தி வச்சிருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடு. எனக்கு ஏறணும்னு தோணும்."